பனிக்காலத்துக்கு நான்கு சக்கர இயக்கமுள்ள சிறிய ஹாட்ச்பேக்: கூடுதல் காசுக்குத் தகுமா?

பாரிப்பனி எழுதியது:

வணக்கம். கனடாவின் ஒன்டாரியோவில் இருக்கிறோம். மிசிசாகாவை விட்டு பாரிக்குக் குடிவந்த பிறகு எங்களுக்கு வரப்போவது முதல் குளிர்காலம். கணவர் கோ (GO) புறநகர் ரயிலில் டொராண்டோ போய்விடுகிறார்; அவருக்குக் கார் கவலை இல்லை. எனக்கு ஒரிலியாவில் ஆய்வகப் பணி. 11ஆம் நெடுஞ்சாலையில் போகவர நாளுக்கு 80 கிலோமீட்டர். முதல் ஷிப்ட் என்றால் காலை 5 மணிக்கே கிளம்பியாக வேண்டும். எங்கள் வீடு ஒரு மேட்டுத் தெருவின் உச்சியில் இருக்கிறது. கீழே இறங்கினால் நிறுத்தக் குறியுள்ள சந்தி. அந்த நேரத்தில் பனி அகற்றும் வண்டி எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்காது.

இப்போதுள்ள செடான் வயதாகிவிட்டது. மாற்றாக மூன்று கார்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, 2021 சுபாரு இம்ப்ரெசா ஹாட்ச்பேக், பயன்படுத்தியது. இரண்டு, புதிய மாஸ்டா3 ஹாட்ச்பேக், நான்கு சக்கர இயக்கத்துடன். மூன்று, புதிய டொயோட்டா கொரோலா ஹாட்ச்பேக். இதற்கு முன்சக்கர இயக்கம் மட்டுமே. பெரிய வண்டி வேண்டாம், காரணம் கேட்காதீர்கள்.

ஒரு விற்பனையாளர், "நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி வாங்கினால் குளிர்கால டயரே தேவையில்லை, அந்தக் காசு மிச்சம்" என்றார். இன்னொருவர் நேர் எதிராகச் சொன்னார். யாரை நம்புவது?

பின்சீட்டு ஓட்டுநர் எழுதியது:

கேட்காதீர்கள் என்றாலும் கேட்கிறேன். ஏன் எஸ்யூவி வேண்டாம்?

சில்லுக்காரன் எழுதியது:

தங்கச்சி, முதல் விற்பனையாளர் சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள். ஸ்காபரோவில் கராஜ் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் முதல் பனி கொட்டிய மறுநாள் முன் பம்பர் நொறுங்கி வருகிற வாகனங்களில் நான்கு சில்லும் இழுக்கிறவை குறைவில்லாமல் இருக்கும். புறப்படுவதில் அவற்றுக்கு ஒரு சிரமமும் இருந்திருக்காது. நிற்கிற இடத்தில்தான் வினை.

எந்தக் காரிலும் பிறேக் நான்கு சில்லுக்கும் உண்டு. பத்தாயிரம் டொலர் காருக்கும் உண்டு, ஒரு இலட்சம் டொலர் காருக்கும் உண்டு. பிறேக்கை மிதித்த நொடியில் என்ஜின் எத்தனை சில்லை இழுக்கிறது என்பதற்கு வேலையே இல்லை. தரையைப் பிடிப்பது ரயர். உள்ளங்கை அளவான நான்கு இடங்களில் மட்டும்தான் உங்கள் கார் வீதியைத் தொடுகிறது.

எல்லாப் பருவத்துக்கும் என்று விற்கிற ஓல்சீசன் ரயரின் இறப்பர் 7 பாகைக்குக் கீழே போகப்போக இறுகிவிடும். குளிர்கால ரயரின் கலவை வேறு. மறை 20 (-20) பாகையிலும் இளக்கம் போகாது. அதன் முகத்தில் கத்தியால் கீறியது போல நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். பனியைக் கவ்வுவது அந்த வெட்டுகள்தான். வாங்கும்போது பக்கச் சுவரைப் பாருங்கள்: மூன்று சிகரமுள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள். அந்தச் சின்னம் இருந்தால்தான் பனிச் சோதனையில் தேறிய ரயர். 'எம்+எஸ்' என்ற எழுத்து மட்டும் இருந்தால் அது ரயரின் கோல அமைப்பைச் சொல்கிறதே தவிர, சோதனை எதையும் சொல்லவில்லை.

எனவே என் பதில்: கொரோலா, நல்ல குளிர்கால ரயர் நான்கு, இரும்பு றிம்மோடு. மிச்சக் காசை வங்கியில் போடுங்கள்.

மொன்றியல் மாறன் எழுதியது:

எங்கள் கியூபெக்கில் இந்த வாதமே கிடையாது. டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அந்த மலைச் சின்னமுள்ள டயர் சட்டப்படி கட்டாயம். நான்கு சக்கர இயக்கம் இருந்தாலும் விலக்கு இல்லை. ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 முதல் அங்குள்ள காப்புறுதி நிறுவனங்கள் எல்லாம் குளிர்கால டயருக்குக் கட்டணத் தள்ளுபடி கொடுத்தே ஆக வேண்டும். தொகை பெரிதில்லை. நீங்களாகக் கேட்காவிட்டால் அவர்களாக நினைவூட்டுவார்கள் என்று நம்பியிருக்காதீர்கள்.

வடதிசை எழுதியது:

சில்லுக்காரன் அண்ணா சொன்னதில் டயர் பற்றிய பகுதி முழுவதும் சரி. கொரோலா என்ற முடிவு மட்டும் 401ஆம் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர்களின் முடிவு. 401க்கும் 400க்கும் உப்பு மலையாகக் கொட்டுகிறார்கள். அந்த வகைச் சாலைகளில் பனி நின்ற 8 மணி நேரத்துக்குள் தார் தெரிய வேண்டும் என்பது மாகாணத்தின் அளவுகோல். குடியிருப்புத் தெருவுக்கு அந்த அவசரம் கிடையாது.

சட்பரியில் இம்ப்ரெசா ஓட்டுகிறேன், முழுக் குளிர்கால டயருடன். நான்கு சக்கர இயக்கத்தின் அருமை தெரியும் இடங்கள் வேறு. மேட்டில் நிறுத்தக் குறியில் நின்றுவிட்டு மறுபடி கிளம்பும்போது தெரியும். கிளைத் தெருவிலிருந்து நெடுஞ்சாலைக்கு இடப்புறம் திரும்ப ஒரு சின்ன இடைவெளி கிடைக்கிறது. முன்சக்கரம் இரண்டு நொடி சும்மா சுழன்றால் நீங்கள் நடுவழியில் நிற்பீர்கள், எதிரே லாரி வரும். அங்கே தெரியும். தடங்களுக்கு நடுவே குவிந்த சேற்றுப்பனியைத் தாண்டித் தடம் மாறும்போது முன்சக்கர வண்டி மூக்கை ஒரு பக்கம் இழுக்கும். பின்சக்கரமும் தள்ளிக்கொடுத்தால் அது குறையும்.

சுபாருவின் நான்கு சக்கரக் கார் யாருக்காகப் பிறந்தது என்றும் பாருங்கள். 1970களின் தொடக்கத்தில் ஜப்பானின் தொஹோகு மின்நிறுவனத்துக்குப் பனிமலைப் பகுதிகளில் மின்கம்பிகளைப் பார்க்கப் போக, ஜீப்பைவிட வசதியான வண்டி தேவைப்பட்டது. சுபாரு விற்பனையகம் ஒன்று சாதாரண முன்சக்கர வேனுக்குப் பின் அச்சு இணைத்துக் கொடுத்தது. அதிலிருந்து வந்ததுதான் 1972இன் லியோன் நான்கு சக்கர வேன். விடியுமுன், சாலை துப்புரவாவதற்கு முன் வேலைக்குப் போக வேண்டிய ஆட்களின் வண்டி. கேள்வி கேட்டிருக்கிற சகோதரியும் அதே ஆள்தான்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

இரண்டு அண்ணன்களும் சண்டையை நிறுத்துங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அமுங்கிய பனியில் ஓல்சீசன் டயரின் உராய்வுக் கெழு (டயர் தரையை எவ்வளவு பிடிக்கிறது என்ற எண்) 0.2 என்றும், நல்ல குளிர்கால டயருக்கு 0.3 என்றும் வைத்துக்கொள்கிறேன். பனிக்குப் பனி மாறும். ஒப்பிட இந்த எண்கள் போதும்.

மேடேறுவது முதலில். முன்சக்கர வண்டியில் எடையில் சுமார் 60 சதவீதம் முன் அச்சின் மேல் இருக்கிறது. மேடேறும்போது கொஞ்சம் எடை பின்னால் நகரும், அதையும் கழித்தாயிற்று. ஏறக்கூடிய உச்சச் சரிவு (கிடையாக 100 மீட்டர் போனால் எத்தனை மீட்டர் உயரும் என்பதே சதவீதம்):

முன்சக்கரம், ஓல்சீசன் டயர்: 11 முதல் 12 சதவீதம்
முன்சக்கரம், குளிர்கால டயர்: 17 சதவீதம்
நான்கு சக்கரம், ஓல்சீசன் டயர்: 20 சதவீதம்
நான்கு சக்கரம், குளிர்கால டயர்: 30 சதவீதம்

அதாவது ஏறுவதில் மட்டும் அந்த விற்பனையாளர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. டயர் மாற்றாத சுபாரு, டயர் மாற்றிய கொரோலாவை ஒரு மயிரிழையில் முந்திவிடும்.

இப்போது நிற்பது. சமதரையில் 50 கிலோமீட்டர் வேகம். கெழு 0.2 என்றால் நிற்க 49 மீட்டர். 0.3 என்றால் 33 மீட்டர். இதில் எத்தனை சக்கரம் இழுக்கிறது என்ற எண் சமன்பாட்டுக்குள்ளேயே வரவில்லை. 16 மீட்டர் என்பது மூன்று கார் நீளத்துக்கு மேல்.

சில்லுக்காரன் எழுதியது:

கணக்குப்பிள்ளை தம்பிக்கு நன்றி. ஒன்று விட்டுவிட்டீர்கள்: ஓட்டுகிறவரின் தலை. முன்சக்கர வாகனத்தில் சந்தியிலிருந்து புறப்படும்போதே சில்லு வழுக்கினால், இன்று வீதி மோசம் என்று கால் தெரிந்துகொள்ளும். நான்கு சில்லும் இழுக்கிற வாகனம் அந்தச் சேதியைச் சொல்லாது. உலர்ந்த வீதியில் போல நேராகக் கிளம்பி 80இல் போய்க்கொண்டிருப்பீர்கள். முதல் சேதி பிறேக்கை மிதிக்கும்போதுதான் வரும். அப்போது அது சேதி அல்ல.

வடதிசை எழுதியது:

அதற்கு மருந்து எளிது. தெருவை விட்டு வெளியேறுமுன், பின்னால் யாரும் இல்லாதபோது, 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒருமுறை பிரேக்கை அழுத்திப் பாருங்கள். பாதம் நடுங்கி 'கட கட' என்று சத்தம் வந்தால் ஏபிஎஸ், அதாவது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு, வேலை செய்கிறது. அன்றைய சாலை எப்படி என்பது தெரிந்துவிடும். அந்த நடுக்கத்துக்குப் பயந்து காலை எடுத்துவிடாதீர்கள். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் செய்கிற முதல் தவறு அது.

பாரிப்பனி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. குளிர்கால டயர் வாங்குவது என்று முடிவாகிவிட்டது, அதில் இனிப் பேச்சில்லை. எந்தக் கார் என்பதுதான் பாக்கி.

இன்னொரு சந்தேகம். அகற்றும் வண்டி கடைசியில் வரத்தான் செய்யும். ஆனால் போகும்போது டிரைவ்வே வாயிலில் ஒரு பனி வரப்பைக் கட்டிவிட்டுப் போகுமாம். கணவர் வாரி முடிப்பதற்குள் அவருடைய ரயில் போய்விடும். நான்கு சக்கர இயக்கம் இருந்தால் அதன் மேல் ஏறிப் போய்விடலாமா?

சில்லுக்காரன் எழுதியது:

கூடாது. இம்ப்ரெசாவின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடைவெளி 130 மில்லிமீட்டர். மாஸ்டாவும் கொரோலாவும் ஏறத்தாழ அதே உயரம். அந்த வரப்பு தூள்பனி அல்ல. உப்பும் ஈரமும் சேர்ந்து இறுகிய கட்டி. அதில் வயிறு தட்டினால் நான்கு சில்லும் அந்தரத்தில் சுழலும், முன்னும் போகாது பின்னும் வராது. கீழேயுள்ள பிளாஸ்டிக் தட்டு கிழிந்து தொங்கிக்கொண்டு வருகிற வாகனங்களைக் குளிர்காலம் முழுக்கப் பார்க்கிறேன்.

சிக்கிக்கொண்டால் வழுக்கல் கட்டுப்பாட்டை, அதுதான் வளைந்த கோடு இரண்டுள்ள பொத்தானை, அணைத்துவிட்டு முன்னும் பின்னும் மெல்ல ஆட்டி எடுங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால் சில்லு சுழலத் தொடங்கியதும் என்ஜின் பலத்தை வெட்டிவிடும். வெளியே வந்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

பின்சீட்டு ஓட்டுநர் எழுதியது:

அப்படியானால் உயரமான வண்டி வாங்கியிருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். கிராஸ்ட்ரெக்குக்கு 220 மில்லிமீட்டர் இருக்கிறதே. இம்ப்ரெசாவைத் தூக்கி நிறுத்தியதுதான் அது.

பாரிப்பனி எழுதியது:

பார்த்தேன். அதே ஆண்டு, அதே ஓட்டத் தூரம். ஆனால் பயன்படுத்திய கிராஸ்ட்ரெக்கின் விலை என் எல்லையைத் தாண்டுகிறது. எல்லோருக்கும் அதே யோசனை வந்திருக்கிறது போலும். 90 மில்லிமீட்டருக்கு அவ்வளவு கொடுப்பதைவிட நல்ல மண்வெட்டி வாங்கிக்கொள்வேன்.

ஆரே ஆற்றங்கரை எழுதியது:

சுவிற்சர்லாந்திலிருந்து எழுதுகிறேன். பேர்ண் நகரில் வேலை, மனைவியின் அக்கா குடும்பம் மலைக்கிராமத்தில். இங்கே இந்தக் கேள்வியை யாரும் விந்தையாகப் பார்ப்பதில்லை. மலையில் வாழும் விவசாயியும் தபால்காரரும் சின்னஞ்சிறிய நான்கு சில்லு வாகனத்தில்தான் போவார்கள். ஃபியற் பாண்டா 4x4 வந்தது 1983இல். அதற்குப் பிறகு சுசுக்கி இக்னிஸ், ஸ்விஃப்ற் இரண்டிலும் அந்த வகை வந்தது. எடை குறைந்த வாகனம், ஒடுங்கிய ரயர், குறுகிய உடல். ஒடுங்கிய ரயர் சேற்றுப்பனியை வெட்டிக்கொண்டு கீழே உள்ள தரையைத் தொடும். அகன்ற ரயர் அதன் மேல் மிதக்கப் பார்க்கும்.

சட்டப்படி இங்கே குளிர்கால ரயர் கட்டாயமில்லை. ஆனால் கோடை ரயரோடு விபத்துக்கு உள்ளானால் காப்புறுதிக்காரர் கேட்கிற முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். ஒக்டோபர் முதல் ஈஸ்டர் வரை என்பது எல்லோர் வாயிலும் உள்ள கணக்கு. மலைப்பாதைகளில் சங்கிலி கட்டாயம் என்ற நீலப் பலகை இருந்தால், 4x4 வாகனத்துக்கும் சங்கிலி போட்டே ஆக வேண்டும். விலக்கு உண்டு என்று கீழே தனிப்பலகை இருந்தால் மட்டும் தப்பலாம். இறங்கும்போது நான்கு சில்லு இழுவை உதவாது என்று எழுதுவதற்குப் பதிலாகப் பலகை நட்டிருக்கிறார்கள்.

அக்காவின் வீட்டுப் பாதையில் ஏறும்போது ஸ்விஃப்ற் 4x4 ஆட்டுக்குட்டி மாதிரி ஏறும். இறங்கும்போது நான் முதலாம் கியரை விட்டு அசைவதில்லை.

மட்டுறுத்துநர் எழுதியது:

மின்கார்களின் வெப்பப் பம்பு, தொலைவிலிருந்து என்ஜினை இயக்கும் கருவி ஆகியவை பற்றிய பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே ஹாட்ச்பேக்கை மட்டும் பேசுங்கள். மற்றவரின் ஓட்டுத்திறனைக் கிண்டல் செய்த பதிவு ஒன்று நீக்கப்பட்டது; எழுதியவருக்குத் தெரியும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

காசுக் கணக்கைப் போட்டுவிடுகிறேன். மாஸ்டா3இல் நான்கு சக்கர இயக்கத்துக்குக் கூடுதல் விலை 2000 டாலர் என்று வைப்போம். எரிபொருள் 100 கிலோமீட்டருக்கு 0.6 லிட்டர் கூடுதல். ஆண்டுக்கு 19,200 கிலோமீட்டர் என்றால் 115 லிட்டர், லிட்டர் 1.50 டாலர் என்றால் ஏறத்தாழ 173 டாலர். எட்டு ஆண்டுக்கு 1,400க்குச் சற்றுக் குறைவு. ஆக மொத்தம் 3,400 டாலர், ஆண்டுக்கு 425. விற்கும்போது கொஞ்சம் திரும்பி வரும்.

குளிர்கால டயர் நான்கு, இரும்பு வட்டத்துடன் (றிம்), 900 முதல் 1,300 டாலர். அது செலவே அல்ல என்பேன். குளிர்கால டயர் ஓடும் மாதங்களில் கோடை டயர் தேயாமல் கிடக்கிறது.

எனவே முதல் ஆயிரம் டாலர் எங்கே போக வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அடுத்த மூவாயிரம் போக வேண்டுமா என்பது தெருவின் சரிவைப் பொறுத்தது. அளந்து சொல்லுங்கள்.

சில்லுக்காரன் எழுதியது:

இந்தக் கணக்கில் வராத ஒரு செலவு உண்டு. சுபாருவில் நான்கு ரயரும் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். சுற்றளவில் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது என்பது நிறுவனத்தின் அறிவுறுத்தல். ரயரின் ஆழத்தில் அது ஒரு மில்லிமீற்றர் அளவே. பாதி தேய்ந்த நிலையில் ஒரு ரயர் கிழிந்தால், ஒன்றை மட்டும் புதிதாகப் போட முடியாது. நான்கு வாங்க வேண்டும், அல்லது புதியதைச் சீவித் தேய்த்துக் கொடுக்கிற கடையைத் தேட வேண்டும். பொருந்தாத ரயரோடு ஓடினால் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவிலுள்ள கிளட்ச் ஓய்வில்லாமல் வழுக்கிச் சூடாகும்.

பின் டிபரென்சியல் (பின் சில்லுகளுக்கு இழுவையைப் பிரிக்கும் பற்சக்கரப் பெட்டி) எண்ணெய், நீளமான தண்டு, கூடுதல் மூட்டுகள், எல்லாம் உப்பில் ஊறும் பாகங்கள். ஆண்டுதோறும் அடியில் துரு எண்ணெய் அடியுங்கள். இது கொரோலாவுக்கும் பொருந்தும்.

வடதிசை எழுதியது:

சுபாரு, மாஸ்டா இரண்டின் நான்கு சக்கர இயக்க முறைகளும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டோமேட்டிக் இம்ப்ரெசாவில் பின் அச்சுக்கு எப்போதும் இழுவை போய்க்கொண்டே இருக்கும். சாதாரண நேரத்தில் முன்னுக்கு 60, பின்னுக்கு 40 என்ற அளவில். மாஸ்டா பெரும்பாலும் முன்சக்கரத்தில் ஓடும். வெளி வெப்பம், வைப்பர் ஓடுகிறதா, ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்றெல்லாம் பார்த்து, வழுக்குமுன்பே பின்னுக்கு அனுப்பப் பார்க்கும். ஓட்டிப் பார்த்தால் மாஸ்டாதான் விறுவிறுப்பு, உட்புறமும் அழகு. ஆனால் அதன் பின் சன்னலும் பின் தூணும் பார்வையை மறைக்கின்றன. இருட்டில், பனியில், சந்தியில் தோளுக்குப் பின்னால் பார்க்க வேண்டிய உங்களுக்கு இம்ப்ரெசாவின் பெரிய கண்ணாடிகள் உதவும்.

ஹாட்ச்பேக் என்பதால் இன்னொன்று. செங்குத்தான பின்முகத்தில் காற்று சுழன்று சாலைச் சேற்றையெல்லாம் பின் கண்ணாடியில் அப்பிவிடும். பின் வைப்பரும் மறை 40 தாங்கும் கழுவு திரவமும் இல்லாமல் 11ஆம் நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். பின் கேமராவை நம்பாதீர்கள், அது முதல் பத்து நிமிடத்தில் குருடாகிவிடும்.

ஒரிலியா ஓரம் எழுதியது:

இதே சாலையில் நெடுங்காலமாகப் போய்வருகிறேன். எல்லோரும் சரிவையும் டயரையும் பேசுகிறீர்கள். இந்தப் பாதையின் உண்மையான ஆபத்து பார்வை மறைவது. நவம்பர், டிசம்பரில் ஜார்ஜியன் விரிகுடா இன்னும் உறைந்திருக்காது. அதன் மேல் வடமேற்குக் குளிர்காற்று அடிக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து பாரிக்கும் ஒரிலியாவுக்கும் இடையே ஒடுங்கிய பட்டையாகக் கொட்டும். பாரியில் நிலா தெரியும். கொஞ்ச தூரம் போனால் உங்கள் முன்விளக்குகூடத் தெரியாது. அந்தச் சமயத்தில் நான்கு சக்கரம் இழுத்தென்ன, எட்டுச் சக்கரம் இழுத்தென்ன? முன்னால் நிற்கும் லாரியை அது காட்டித் தராது.

கிளம்புமுன் மாகாணத்தின் 511 சாலைத் தகவல் தளத்தில் சாலை நிலவரமும் கேமராப் படமும் பாருங்கள். மூடியிருந்தால் மேலாளருக்கு அழையுங்கள். பகல் விளக்கை நம்பி ஓட்டாதீர்கள். பல கார்களில் அப்போது பின் விளக்கு எரியாது. கையால் போடுங்கள்.

பின்சீட்டு ஓட்டுநர் எழுதியது:

இதை ஒத்துக்கொள்கிறேன். எஸ்யூவியிலும் எதுவும் தெரியாது.

பாரிப்பனி எழுதியது:

தெருவை அளந்தேன். தொலைபேசியில் உள்ள மட்டக்கருவியைச் சாலையில் வைத்துப் பார்த்தால், செங்குத்தான பகுதியில் 8 பாகை காட்டுகிறது. அந்தப் பகுதி முடிந்ததும் சந்திக்கு அதிக தூரமில்லை, 40 மீட்டர் இருக்கலாம். அதுவும் முழுச் சமதரை அல்ல. பக்கத்து வீட்டுக்காரர் வேடிக்கை பார்த்துவிட்டு, "எதைத் தொலைத்துவிட்டீர்கள்?" என்று கேட்டார்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

8 பாகை என்றால் 14 சதவீதம். இப்போது பேசலாம்.

ஏறுவது: முன்சக்கரமும் ஓல்சீசனும் என்றால் முடியாது. முன்சக்கரமும் குளிர்கால டயரும் என்றால் 17 சதவீதம் வரை ஏறும். ஆகவே உங்கள் தெருவில் ஏறும், ஆனால் கைவசம் 3 சதவீதம்தான். உங்களுக்கு முன்னால் நான்கு பேர் சக்கரத்தைச் சுழற்றி அந்தப் பனியை மெருகேற்றிவிட்டுப் போயிருந்தால் கெழு 0.3இலிருந்து 0.2க்கு இறங்கும், கொரோலா பாதி மேட்டில் நிற்கும். நான்கு சக்கரமும் குளிர்கால டயரும் என்றால் அப்போதும் 20 வரை இருக்கிறது.

இறங்குவதுதான் பயங்கரம். சரிவில் பிரேக் பிடிக்கும்போது கெழுவிலிருந்து சரிவைக் கழிக்க வேண்டும். ஓல்சீசன்: 0.2 கழித்தல் 0.14, மிச்சம் 0.06. வெறும் 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க 59 மீட்டர். குளிர்கால டயர்: மிச்சம் 0.16, நிற்க 22 மீட்டர். முதல் விற்பனையாளரின் பேச்சைக் கேட்டு சுபாரு வாங்கி டயர் மாற்றாமல் விட்டிருந்தால், மாலையில் ஜம்மென்று வீட்டுக்கு ஏறியிருப்பீர்கள். காலையில் அந்த நிறுத்தக் குறியைத் தாண்டித்தான் நின்றிருப்பீர்கள்.

கெழு 0.14க்கும் கீழே போகிற உறைமழை நாளில் எந்தக் காரும் அந்தச் சரிவில் நிற்காது. அன்று கார் வீட்டிலேயே இருக்கட்டும்.

சில்லுக்காரன் எழுதியது:

14 என்றால் நான் கொரோலாவை விட்டுக்கொடுக்கிறேன். பிராம்டனிலோ மார்க்கத்திலோ சமதரையில் இருக்கிற ஒருவர் இதே கேள்வியைக் கேட்டால் என் பழைய பதில் அப்படியே இருக்கும்.

இம்ப்ரெசாவை வாங்குமுன் விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் தூக்கிக் காட்டுங்கள். நான்கு ரயரின் ஆழத்தையும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். மூன்று ஒரு நிறுவனம், ஒன்று வேறு நிறுவனம் என்றிருந்தால் ஏன் என்று கேளுங்கள். பின் டிபரென்சியலில் எண்ணெய்க் கசிவு, பிறேக் குழாய்களில் துரு, இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வாகனத் தரிப்பிடத்தில் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாக வட்டமடியுங்கள். கார் விட்டுவிட்டு இழுத்து நடுங்கினால் வாங்காதீர்கள். நடுக் கிளட்ச் கேடு கண்டிருக்கலாம்.

பாரிப்பனி எழுதியது:

சனிக்கிழமை காட்டுவதற்கு நேரம் வாங்கிவிட்டேன். மாஸ்டாவின் உட்புறம் மனத்தில் நிற்கத்தான் செய்கிறது. ஆனால் பின்னால் பார்வை மறைகிறது என்று வடதிசை சொன்னதைப் போய் உட்கார்ந்து பார்த்தேன், உண்மைதான்.

கடைசிக் கேள்வி. நான் பார்த்த இம்ப்ரெசாவில் 17 அங்குலச் சக்கரம் இருக்கிறது. குளிர்கால டயருக்கு 16 போடலாமா? விலை குறைகிறது.

வடதிசை எழுதியது:

போடலாம். அந்தத் தலைமுறையின் அடிப்படை வகை 16 அங்குலச் சக்கரத்துக்கான 205/55 ஆர்16 டயரில்தான் வந்தது. விலையும் குறையும், பக்கச் சுவர் உயரமாக இருப்பதால் பனிக்குள் மறைந்த பள்ளத்தில் இடித்தாலும் வட்டம் எளிதில் வளையாது. உங்கள் வகையின் பிரேக்குக்கு இடம் போதுமா என்பதை மட்டும் டயர் கடையில் வண்டி எண்ணைக் கொடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள். அக்டோபர் முடிவதற்குள் வாங்கிவிடுங்கள். முதல் பனி விழுந்த பிறகு போனால் பொருத்துவதற்கே இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும்.

சில்லுக்காரன் எழுதியது:

இரண்டா? என் கராஜில் மூன்று.